தகுதி இல்லாத தும்பி

“எழுப்பியோட மூலநிரலைத் திறந்து காட்டுங்க சார்.”

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் யாரும் கேட்கக் கூடாதது இது ஒன்றுதான். வேலையில் சேர்ந்த முதல் நாளே அஞ்சுகத்திடம் சொல்லியிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, உன் பொழுதுபோக்குக்கு நான் நிரலைத் திறக்கணுமா?”

“பொழுதுபோக்காத்தான் எழுதினேன். இப்ப ஆறாம் குழியில நாற்பது வீடு, பக்கத்துக் குழியிலேருந்து குழாய் போட்டு மூச்சு விடுது. எங்க அம்மாவும்தான். நாளைக்கு அந்தக் குழாயையும் பிடுங்கறீங்க.”

மக்கள் வாழும் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சாலை. கரியமில வாயுவைப் பிளந்து காற்றுத் தரும் இயந்திரம். ஆறாம் குழியின் மூச்சாலைக்கு இருந்த இயங்குதளம் காலாவதியாகி நின்றுவிட்டது. புதியது அந்தப் பழைய இயந்திரத்தில் ஏறாது. அஞ்சுகம் மூன்று வருட விடுமுறைகளைத் தின்று எழுதிய ‘தும்பி’ ஏறும். சோதனை மேசையில் நேரடியாக ஏற்றியபோது பிசகில்லாமல் ஓடியது. ஆனால் மூச்சாலையில், மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து இயங்குதளத்தை எழுப்பிவிட வேண்டிய ‘எழுப்பி’, ‘தகுதி இல்லை’ என்று திரையில் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பதினொரு முறை.

“உன் நிரல்லதான் தப்பு இருக்கும். உங்க வீட்ல நீதானே முதல் பட்டதாரி? போகப் போகப் பழகிடும்.”

“தப்பு இருந்தா காட்டுங்க, திருத்துறேன். எங்க வீட்டை எதுக்கு சார் இழுக்கறீங்க?”

அவள் வாயை அடைக்கவாவது உதவட்டும் என்று தனபாலன் நிரலைத் திறந்தார். அவரும் அதைப் படித்ததில்லை. அஞ்சுகம் வரிவரியாக இறங்கினாள். மூச்சாலையின் காற்று அடைப்பான்களைத் திறக்கும் வரிசை இருந்தது. பிழைச் சோதனை கிடையாது. நினைவகச் சோதனை கிடையாது. உள்ளே விடுவதற்கு ஒரே ஒரு கேள்விதான்: ‘அனுப்பியவர் யார்?’ தும்பியில் அந்த இடம் காலி.

“இதை யாரு எழுதினது?”

“மனுசங்க யாரும் இல்லை. எந்திரமூளைகிட்ட விட்டோம். யாரை உள்ள விடணும்னு அது கத்துக்கறதுக்கு, நாம வேலைக்கு ஆள் எடுத்த அறுபது வருசக் கோப்பையும் கொடுத்தோம்.”

அஞ்சுகம் பூஜ்ஜியங்கள் மட்டும் நிறைந்த ஒரு நிரல் செய்தாள். அனுப்பியவர்: தனபாலன். தனபாலனின் மேசையில் இருந்த, எழுப்பியின் மாதிரிக் கருவியில் ஏற்றினாள்.

‘தகுதி உண்டு. உடனே சேரலாம்.’

ஒன்றுமே இல்லாத அந்த நிரல், ஒன்றுமே செய்யாமல், கம்பீரமாக ஓடத் தொடங்கியது.

தனபாலன் சிரித்துவிட்டார். “அட, இவ்வளவுதானா! தும்பியிலயும் என் பேரையே போட்டுக்கோ. நானே எங்க மாமா பேரைச் சொல்லித்தான் இங்க வந்தேன்.”

“நீங்க ஓய்வு பெறுற அன்னைக்கு நாற்பது வீட்டுக்கும் மூச்சு நிக்குமே சார்.”

“அப்ப என்னதான் பண்ணப் போறே?”

“எந்த அடைப்பானை எந்த வரிசையில திறக்கணும்னு படிச்சுட்டேன். எனக்கு வேண்டியது அதுதான். உங்க எழுப்பியை அழிச்சுட்டு என்னோடதைப் போடப் போறேன். அது வேலை தெரியுமான்னு மட்டும்தான் கேக்கும்.”

தனபாலன் எழுந்தே விட்டார். “யாரைக் கேட்டும்மா?”

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. ஆறாம் குழிக்கு இறங்கும் மின்தூக்கியின் கதவு மூடிக்கொண்டிருந்தது.