கம்ப்யூட்டர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம்

வெள்ளைச்சாமி செத்துச் சரியாக முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது, அரியலூருக்குக் கம்ப்யூட்டரைக் கைது செய்யப் போலீஸ் வந்தது!

ஜீப் வாசலில் குலுங்கி நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் உத்திராபதி முதலில் இறங்கினார். பின்னால் கான்ஸ்டபிள் அமாவாசை. அவருக்கும் பின்னால், செத்தவரின் மைத்துனன் அரியமுத்து. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் டைப் அடிக்கிறவன். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

மலர்க்கொடி நிலைப்படியிலேயே உறைந்து போனாள்.

பி.எஸ்ஸி. பௌதிகம். முதல் வகுப்பு. ஆனால் வெளி ஆள் யாராவது பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போலீஸ் என்றால் கேட்கவே வேண்டாம்...

"குருநாதன் யாரும்மா?"

"எங்க... எங்க வூட்டுக்காரரு."

"கம்ப்யூட்டரு?"

"அதுவும் எங்க வூட்டுதுதாங்க."

உத்திராபதி உள்ளே ஒரு காலை வைத்தார். அடுத்த காலை வைக்க இடம் தேடினார்.

"அடேங்கப்பா!"

கூடம் முழுக்க ஆளுயர இரும்பு பீரோக்கள்! ஒன்றில் பம்பரம் மாதிரி டேப் சக்கரங்கள். ஒன்றில் அட்டை விழுங்குகிற வாய். முகப்பில் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி விளக்குகள் கண்சிமிட்டின.

ஒரு சிமெண்ட் கம்பெனி நாலு வருஷம் முன்பு, எண்பத்திரண்டில், இதை ஏலத்தில் தள்ளிவிட்டது. குருநாதன் எடுத்தான். இரண்டு லாரியில் வந்தது. தெருச்சுவரை இடித்து இறக்கி, மறுபடி சுவர் எழுப்பினான். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் டேப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் படுக்கிறார்கள்.

வாசலில் போர்டு: 'அமெரிக்கன் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்.'

பெரம்பலூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் சனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

இரண்டு பீரோக்களுக்கு நடுவிலிருந்து குருநாதன் நண்டு மாதிரி பக்கவாட்டில் வெளிப்பட்டான். கையில் துடைக்கிற துணி.

"வாங்க சார்! ஜாதகமா, பொருத்தமா?"

"கொலை."

துணி நழுவி விழுந்தது.

"ஆண்டிமடம் முந்திரி வியாபாரி வெள்ளைச்சாமி. தெரியுமா?"

"போன வாரம் வந்தாருங்களே! நல்ல மனுசன்..."

"நேத்துக் காலையில முந்திரி மரத்தடியில மண்டை பொளந்து கெடந்தான் அந்த நல்ல மனுசன். சட்டைப் பையில இந்தச் சீட்டு. உன் மெஷின் அடிச்சதுதானே?"

குருநாதன் எட்டிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. மெஷினுக்குத் தமிழ் எழுத்து கிடையாது. தமிழையே இங்கிலீஷ் பெரிய எழுத்தில்தான் அடிக்கும்.

AVANI 5. KOLLAI MUDIKKALAM. NALLA NERAM KALAI 9 - 10.

"படிய்யா அமாவாசை."

அமாவாசை தொண்டையைச் செருமினார்.

"ஆவணி அஞ்சு. கொலை முடிக்கலாம். நல்ல நேரம் காலை ஒம்போதுலேர்ந்து பத்து."

"கேட்டியா? நேத்து ஆவணி அஞ்சு. செத்தது ஒம்போதரை. ராகு காலத்துல கூட இல்ல... நல்ல நேரம் பார்த்துக் கொன்னிருக்காங்க!"

"ஐயா..." அமாவாசை தயங்கினார். "எல்லு ரெண்டு இருக்குங்க. கொள்ளைன்னும் படிக்கலாங்க."

"பொணம் கெடக்குதுய்யா! கொலைதான்."

"மோதிரத்தையும் காணுமேங்கய்யா."

உத்திராபதி யோசித்தார்.

"அப்ப ஒரு எல்லு கொலைக்கு, ஒரு எல்லு கொள்ளைக்கு. எழுதிக்க."

அரியமுத்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு விம்மினான்.

"மொதல்ல நான்தான் சார் இந்தச் சீட்டைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிஞ்சு போச்சு, கொலைன்னு! எங்க மாமாவை நேரம் குறிச்சு அனுப்பி வெச்சுட்டாங்களே!"

"அழுவாதய்யா. ஆகட்டும் அமாவாசை... முதல் எதிரி, கம்ப்யூட்டர்."

"தகப்பனார் பேருங்கய்யா?"

"சிமெண்ட் கம்பெனின்னு போடு. ரெண்டாவது எதிரி, குருநாதன். ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்து."

அமாவாசை முதல் எதிரியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

"ஐயா... சுவத்தை இடிக்கணுங்கய்யா."

மலர்க்கொடியின் முந்தானை நுனி விரலில் சுருண்டது.

"சார்..."

யாருக்கும் கேட்கவில்லை.

"சார்! அது... கொலை இல்லீங்க. கொள்ளையும் இல்லீங்க. கொல்லைங்க. முந்திரிக் கொல்லை! அவரு ஒரு கொல்லை வாங்க இருந்தாரு. கிரயம் முடிக்க நாள் கேட்டாரு..."

உத்திராபதி திரும்பினார்.

"மெஷின் அடிச்சதுக்கு நீ எப்படிம்மா அர்த்தம் சொல்றே?"

மலர்க்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குருநாதனுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது.

"அதையே கேட்டுருவோம் சார்! யாரு கொன்னான்னு நேராவே கேட்டுருவோம். நம்ம மெஷின் இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல!"

"கேளு. பதில் வந்தா விட்டுடறேன். வரலைன்னா, நீதான்."

"ஏங்க... வேணாங்க!" என்றாள் மலர்க்கொடி.

"நீ சும்மா இரு மலரு."

அரியமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "தொண்டை வறளுது சார்... கொஞ்சம் தண்ணி..."

மலர்க்கொடி பாய்ந்து திரும்பினாள். "நான் கொண்டாரேன்!"

"நீ நில்லும்மா," என்றார் உத்திராபதி. "எதிரி வூட்டு ஆளுங்க என் கண்ணை விட்டு நகரக் கூடாது. அவரே மொண்டு குடிச்சுக்குவாரு."

அரியமுத்து பீரோக்களைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் மறைந்தான்.

குருநாதன் டைப் மேஜையின் முன் உட்கார்ந்தான். கண்ணை மூடிச் சாமி கும்பிட்டான். ஒற்றை விரலால் தட்டினான்.

KOLAI SEITHATHU YAR

அமைதி.

விளக்குகள் சிமிட்டின. சிவப்பு... பச்சை... சிவப்பு...

"கோயில் சீரியல் செட்டு மாதிரி இருக்கே?" என்றார் உத்திராபதி.

"அமெரிக்காவுல செஞ்சது சார்!"

"பதிலைக் காணுமே?"

"யோசிக்குது சார். எப்பவுமே ஒரு காப்பி போடுற நேரம் ஆவும்."

"அப்ப நான் போய்க் காப்பி..." என்று நகர்ந்தாள் மலர்க்கொடி.

"காப்பி வேணாம்!"

"மோரு?"

"நில்லும்மான்னேன்ல!"

நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம். மெஷின் மௌனம் சாதிக்கும். கை விலங்கை எடுப்பார்கள். அவள் இங்கே நிற்கிறாள்... அவரைக் கொண்டு போய்விடுவார்கள்...

உத்திராபதி இடுப்பிலிருந்து விலங்கை உருவினார்.

"முடிஞ்சுதுய்யா. வா."

டட்!

எல்லோரும் மெஷின் பக்கம் திரும்பினார்கள்.

டட்... டட்டட்... டட்!

"வீல்" என்று அலறினாள் மலர்க்கொடி. பேயைக் கண்டவள் போல் சுவரில் சாய்ந்தாள்.

"பார்த்தீங்களா சார்! பதில் வருது!" குருநாதன் குதித்தான். காகிதம் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. அமாவாசை குனிந்து எழுத்துக் கூட்டினார்.

"கே... யூ... ஆர்... யூ... ஐயா! குருநாதன்!"

குருநாதனின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"நானா?"

"நீதானாம்."

"சார்... நம்ம மெஷின் பொய் சொல்லாதே..." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "மலரு! நேத்து ஒம்போதரைக்கு நான் எங்க இருந்தேன்?"

"இங்கதாங்க! அட்டை அடுக்கிக்கிட்டு இருந்தீங்க!"

"அப்படித்தான் எனக்கும் நெனவு. ஆனா மெஷின் இல்லைங்குதே... ஒருவேளை எனக்கே தெரியாம..."

"தானா ஒத்துக்கிட்டான். எழுதிக்கய்யா!"

விலங்கு 'க்ளிக்' என்று விழுந்தது.

மலர்க்கொடி விலங்கைப் பார்த்தாள். சொல்ல வேண்டும். சொன்னால் அவர் உடைந்து போவார். வயலை விற்று வாங்கினார். தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல் துடைக்கிறார். ஊரே அவரைக் 'கம்ப்யூட்டர்காரரு' என்கிறது.

சொல்லாவிட்டால் தூக்குக் கயிறு.

"சார்!"

தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"வெள்ளைச்சாமி அய்யா நாள் கேக்க வந்தப்ப என்ன சொன்னாரு தெரியுங்களா? 'மச்சானுக்குத் தெரியாம முடிக்கணும்மா, அந்தக் கொல்லை மேல அவனுக்கும் ஒரு கண்ணு'ன்னாரு!"

"அதுக்கு?"

"அந்த மச்சான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து நித்தமும் 'முந்திரிக் கொல்லை, முந்திரிக் கொல்லை'ன்னு அடிக்கிறவரு. ஊருல வேற எவன் இதைக் கொலைன்னு படிச்சாலும், அவரு படிப்பாருங்களா?"

உத்திராபதியின் புருவம் உயர்ந்தது.

"அரியமுத்து எங்கய்யா?"

"தண்ணி குடிக்கப் போனாருங்கய்யா. இன்னும் குடிக்கிறாரு."

"இரும்மா, இரு... கொழப்பாத. உன் புருசன் பேரைச் சொன்னது மெஷினு. அரியமுத்து இல்ல. அவருக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?"

மலர்க்கொடி புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. விலங்கிட்ட கைகளால் மெஷினைத் தடவி, அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

"இந்த மெஷின் நம்ம வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு தடவை கூட ஓடினதில்லீங்க! சமையக்கட்டுல அரிசி டிரம்முக்குப் பின்னால இன்னொரு டைப் மெஷின் வெச்சு ஒயர் இழுத்து, நாலு வருசமா பதில் அடிச்சதெல்லாம் நான்... நான் இங்க நிக்கிறேன். தண்ணி குடிக்கப் போன மனுசன் எதுக்கு சார் டைப் அடிக்கணும்?"