முடியல

“என்ன வெயிலோ, முடியல” என்று நிவேதா சொல்லி வாய் மூடவில்லை, உடம்பில் மாட்டியிருந்த தசைச்சட்டை அவளை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டது. காலையிலிருந்து இதே கூத்து.

“சனியனே, நான் உன்னைக் கூப்பிட்டேனா?” என்றாள். நின்றுகொண்டேதான் திட்ட வேண்டியிருந்தது.

எழுபதைத் தாண்டினால் கால் சதை தானாகக் கரையும். அப்புறம் குளியலறையில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு, படுக்கை, நெஞ்சுச் சளி. அவள் கணவர் அப்படித்தான் போனார். அம்மாவையும் அப்படிப் பறிகொடுக்கக் கூடாது என்றுதான் மகன் கவின் இந்தச் சட்டையை வாங்கிப் போட்டான். பனியன் போல மெல்லியது. செயற்கைத் தசைநார்கள் கைகாலோடு ஒட்டிக்கொண்டு உழைக்கும். பலம் போதாதபோது தமிழர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த கம்பெனிக்காரர்கள், ‘முடியல’ என்ற அந்த ஒரு சொல்லையே சாவியாக வைத்துவிட்டார்கள். யார் வாயிலிருந்து வந்தாலும் சரி, சட்டை எழுப்பிவிடும். வெயிலுக்கும், துக்கத்துக்கும், பேரன் அடிக்கும் ஜோக்குக்கும் நாம் அதையேதான் சொல்வோம் என்பது அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியவில்லை.

கழற்றிப் போடவும் வழியில்லை. சட்டையே உழைத்து உழைத்து, அவளிடம் இருந்த கொஞ்சம் சதையும் வற்றிவிட்டது. அதனால் அந்தச் சொல்லை விழுங்கப் பழகிக்கொண்டிருந்தாள். யார் விசாரித்தாலும் “நல்லா இருக்கேன்” என்பாள். அப்படிச் சொன்னால்தான் அது உட்கார விடுகிறது. இன்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு மேல் நெஞ்சு அடைத்தது. இதயமும் தசைதான், அதற்குச் சட்டை கிடையாது.

மாலையில் கவின் வந்தான். அவனுக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. செருப்பைக் கழற்றவே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“கவின், இங்க வாடா. நெஞ்சுல என்னமோ...”

மேலே சொல்ல வார்த்தை தேடினாள். ஆயுள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டியவளுக்கு வேறு எதுவும் வாய்க்கு வரவில்லை.

அவன் பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தான். அவன் கை நெற்றியில் பட்டதே அவளுக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

“என்னம்மா பண்ணுது? முடியலயா?”

சட்டை அவளை விருட்டென்று எழுப்பியது. காலூன்றி, முதுகு நிமிர்ந்து, இருபது வயதுப் பெண் போல நின்றாள். மூச்சுதான் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

கவின் முகம் தெளிந்தது. “அட, ஜம்முனு நிக்கிற! ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டியேம்மா.”

அவள் எழுந்த நாற்காலியில் பொத்தென்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“எனக்குத்தான் முடியல” என்றான்.

சட்டை அவளை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியது.