நான்கு விரல் அகலம்

மூன்றாவது முறையாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். ஒரே படத்துக்கு மூன்று நடை என்றால் தொழிலுக்கே மானக்கேடு.

படத்தில் இருப்பவன் போரில் இறந்த சிப்பாய். இறந்த பிறகுதான் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். படம், பதக்கம், பாராட்டுப் பத்திரம் மூன்றையும் ஒரே சட்டத்தில் அடக்கி நானே மாட்டியிருந்தேன்.

"தம்பி, இன்னிக்கும் வாசப்படியிலதான் கிடந்துச்சு," என்றாள் அவன் அம்மா. "உசுரோட இருந்தப்பதான் வீடு தங்கல. படமாவாவது தங்கக் கூடாதா?"



"ஆணி லூசா இருக்கும்மா," என்றேன்.

ஆணி ஆடவில்லை. சுவரிலிருந்து வாசற்படி வரை ஈரச் சேறு. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

சட்டத்தைக் கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அப்போதுதான் பத்திரத்தை வாசித்தேன். எங்கள் தொழிலில் தாளின் அளவைத்தான் பார்ப்போம், எழுத்தை யார் படிக்கிறார்கள்?

'அடிபட்ட தோழனை விட்டுவர மறுத்து, குண்டுமழைக்குள் திரும்பிச் சென்று, அவனைத் தோளில் சுமந்து வரும் வழியில்...'



அந்தப் படமே இருவர் சேர்ந்து எடுத்துக்கொண்டது. சட்டத்தில் அடங்கவில்லை என்று, பக்கத்தில் அதே சீருடையில் தோளோடு தோள் நின்றவனை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தவன் நான்தான்.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். வண்டிக்காரன் போன வாரமே அள்ளிப் போயிருந்தான்.

"தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா," என்றேன் படத்திடம்.

நான் சட்டம் போட்டபோது நேராகப் பார்த்தவன், இப்போது கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். அரை மணி கழித்துத் திறந்தபோது சேற்று வாடை முகத்தில் அடித்தது.

தரையெல்லாம் மரத்தூள்.

அதில் பூட்ஸ் தடம்.

மேஜையிலிருந்து ஷட்டர் வரை ஒரு வரிசை. ஷட்டரிலிருந்து மேஜைக்கு இன்னொரு வரிசை. போன தடம் லேசாக இருந்தது. திரும்பி வந்த தடம் மட்டும் தரை தெரியும்படி ஆழமாக, ஆள் பாரத்தைச் சுமந்து வந்ததுபோல.

சட்டத்தைத் திறந்து பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடித் துணியில் சுற்றினேன். காலையில் ஒரு கையால் தூக்கியதை இப்போது மார்போடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தாள்.

"படம் அசையவே இல்ல தம்பி. நீ நல்லா இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா கண்ணாடிய எவ்வளவு துடைச்சாலும் போக மாட்டேங்குது. உள்பக்கமா, ரெண்டு இடத்துல... யாரோ மூச்சு விட்ட மாதிரி."