ஒன்பதாம் மீட்டரின் மூச்சு

பகல் ஷிப்ட் முடிந்து ஹாலில் கல் அறுக்கும் கடைசிக் கட்டரும் நின்ற பிறகு, அணைத்து வைத்த மீட்டர்களில் ஒன்று மட்டும் இன்னும் எண் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். அது அவளுடைய பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். கல் அறுப்பவர்களின் காலரில் மாட்டியிருக்கும் தூசி மீட்டர்களைக் கழற்றி வாங்கி, ஈரத்துணியால் துடைத்து, அணைத்து, ஆபீஸ் அறையின் சார்ஜ் பலகையில் வரிசையாகச் செருகுவது அவளுடைய மாலை வேலை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிதான் ஒவ்வொன்றும். உள்ளே ஒரு குட்டிப் பம்பு காற்றை இழுக்கும். அந்தக் காற்றில் கல்தூசி எவ்வளவு என்று அந்த நொடியிலேயே எண்ணாகக் காட்டும். அளவு தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தும். இதற்காகவே ஹாலில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். "மீட்டரம்மா வர்றாங்க, எல்லாரும் மூச்சை அடக்கிக்கோங்கடா" என்று யாராவது கத்தாத நாள் கிடையாது.

எண் காட்டியது ஒன்பதாம் மீட்டர். அதை இன்று யாரும் மாட்டவில்லை. அது ஒட்டகத்தின் மீட்டர்.

ஒட்டகம் பாலிஷ் போடுகிறவர். ஷிப்ட் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் குனிந்தபடி நிற்பார் என்பதால் வந்த பெயர். போன மாதம் ஒரு நாள் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை, செத்துப்போனார். நுரையீரல் கல்லாகிப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்கள். அவருடைய மீட்டர் மட்டும் கடைசி நாள்வரை பச்சையாகத்தான் இருந்தது.

எண் ஏறியது. ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஹாலுக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கதவு ரப்பர் ஓரத்தோடு அழுந்தி மூடியிருந்தது. அதன் அந்தப் பக்கம், மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில், ஈரக் கற்பலகைகள் சாய்ந்து நின்றன, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அறுத்த கல்லின் நனைந்த வாசனையும் பசையின் காரமும் கதவையும் மீறி லேசாக மூக்கில் ஏறின. தன் சட்டைக் கையில் தூசி இருக்குமோ என்று நாலடி தள்ளி நின்றாள். தன் மூச்சுதான் காரணமோ என்று மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அவள் மூச்சு நின்றது. எண் நிற்கவில்லை.

மேஜை டிராயரில் பிரிக்காமல் கிடந்த வெள்ளை மூடியை எடுத்தாள். மீட்டரின் வாயில் அதைப் பொருத்தினால் வடிகட்டிய சுத்தமான காற்று மட்டுமே உள்ளே போகும். அப்போதுதான் பொத்தானை அழுத்தி, தூசியே இல்லாத நிலை இதுதான் என்று ஜீரோ வைக்க வேண்டும் என்று போன வாரம்தான் மீட்டர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே அப்படிச் செய்வதில்லை. இங்கே ஷிப்ட் தொடங்குமுன் எல்லா மீட்டரையும் ஹாலுக்குள் கொண்டுபோய், மிதந்துகொண்டிருக்கும் தூசிக்கு நடுவில் வைத்து, அதையே ஜீரோ என்று அழுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தத் தூசி மீட்டரின் கணக்கில் தூசியே இல்லை. வகுப்பில் கேட்டதை அன்றே நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். ஆனாலும், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை.

மூடியைப் பொருத்தினாள். எண் ஜீரோவுக்கு விழ வேண்டும்.

ஏறியது. நின்றது. நடுவில் இரண்டு முறை தடுக்கி, உடைந்து, இறங்கியது.

அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும். போன மாதம்வரை ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஒட்டகத்தின் இருமல் அது. சத்தம் மட்டும்தான் இல்லை.

வாசல் கதவு திறந்ததும் அவள் துள்ளி விழுந்தாள்.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" சூப்பர்வைசர் கையில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தார். "ராத்திரி ஷிப்ட் ஆளுங்க வந்துட்டாங்க. விடியறதுக்குள்ள லோடு போகணும். எடுத்துட்டுப் போய் ஜீரோ வச்சுடு."

"சார், ஒன்பது... தானா ஏறுது சார். மூடி போட்டும் ஏறுது."

"பழைய மீட்டர். அதையும் சேத்து வை."

"ஹால்ல வச்சு ஜீரோ போடக்கூடாதாம் சார். அங்க இருக்கிற தூசியை அது கழிச்சுடும். நான் சரியாத்தான் சொல்றேனான்னு தெரியல, ஆனா..."

"தெரியலன்னா சும்மா இரு." அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. "இத்தனை வருஷமா அப்படித்தான் வைக்கிறோம். உங்க கிளாஸ்ல கல்லா அறுக்குறாங்க?"

ஒன்பதை அவர் பக்கம் திருப்பிக் காட்டப் போனாள். அதற்குள் ராத்திரி ஷிப்டுக்கு வந்த அவளுடைய அண்ணன் உள்ளே வந்துவிட்டான்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அம்மா போனபின் அவளைப் படிக்க வைத்தது அவன் அறுத்த கல். இந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். குளித்துவிட்டு வந்திருந்தான், தலை இன்னும் ஈரம், சட்டை துவைத்த சட்டை, சோப்பு வாசனை.

"என்னடி மீட்டரம்மா, மூஞ்சி ஏன் பேதி மாத்திரை தின்ன மாதிரி இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே நாலாம் மீட்டரை உருவி, சுவிட்சைத் தட்டிவிட்டு, காலரில் மாட்டினான். சிரித்தான். சிரிப்பின் முடிவில் லேசாக இருமினான். ஒரே ஒரு இருமல்.

"அண்ணா, ஹாலுக்குப் போனியா இன்னைக்கு?"

"இப்பதானே வீட்டுலேர்ந்து வரேன். ஏன், நாறுறேனா?"

அவள் அவன் காலரைப் பார்த்தாள். சுத்தமான அறை. சுத்தமான சட்டை. நாலாம் மீட்டரின் எண் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் மூச்சை இழுத்தபோது இறங்கியது. விட்டபோது ஏறியது.

இழுத்தால் இறங்கியது. விட்டால் ஏறியது.

உள்ளே போவது காற்று. வெளியே வருவது தூசி.

"அசையாதே," என்றாள். வெள்ளை மூடியை ஒன்பதிலிருந்து பிடுங்கி நாலில் பொருத்தினாள். முதல் தடவை பொருந்தவில்லை, திருப்பி அழுத்தினாள். பொருந்தியது. எண் குறையவில்லை. அண்ணனின் மார்பு எழுந்து தணிய, எழுந்து தணிய, எண்ணும் தணிந்து எழுந்தது. பக்கத்தில் பலகையில் ஒன்பதும் அதே நேரத்தில், அதே தாளத்தில், கூடவே போயிற்று. முன்னால் ஓடுகிறவனைப் பின்னால் வருகிறவன் எட்டிப் பிடிப்பது போல.

"என்னடி? சொல்லேன்."

"அண்ணா, நீ உள்ள போகாதே."

"ஏம்மா, ஷிப்டை நிறுத்துறதுக்கு நீ யாரு?" சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பலகைக்கு நேராக நடந்தார். "ஒரு பட்டனை அழுத்த இவ்வளவு நாடகமா?" ஒன்பதை எடுத்து, அதன் பக்கவாட்டில் இருந்த சின்ன ஜீரோ பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

ஒன்பது ஜீரோ காட்டியது. அசையாமல் காட்டியது.

"பாத்தியா? அவ்வளவுதான்."

நாலில் எண் இரண்டு மடங்காயிற்று.

அண்ணன் இருமினான். இந்த முறை ஒன்றோடு நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக் குனிந்தான். ஒட்டகம் குனிவது போலவே குனிந்தான். மீட்டர் சிவந்து கீச்சென்று கத்தியது. அவன் வாயை மூடிய உள்ளங்கையை எடுத்தபோது அதில் ரத்தம் இல்லை. வெள்ளையாக, மாவு போல, மெல்லிய பொடி.

அவளுக்கு அப்போது புரிந்தது. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தூசி இல்லை என்று ஜீரோ அழுத்தி மறைத்தது எதுவும் இல்லாமல் போகவில்லை. அடுத்தவன் நெஞ்சுக்குள் போயிற்று. ஒட்டகத்துக்கு முன்னால் யாரோ. ஒட்டகத்துக்கு அப்புறம் இவன். இத்தனை வருஷமாக.

"அதுக்கும் ஒரு அழுத்து அழுத்து, கத்துது பாரு," என்று சூப்பர்வைசர் அண்ணனின் காலருக்குக் கையை நீட்டினார்.

அவள் நடுவில் வந்து நின்றாள்.

"தொடாதீங்க."

"விலகும்மா."

"வைக்க மாட்டேன் சார். நீங்களும் வைக்கக் கூடாது. இனிமே இங்க யாரும் ஜீரோ வைக்கக் கூடாது." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. நான் சரியா, தப்பா என்ற கேள்வி வழக்கம்போல உள்ளே எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டு, சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விளக்கு போயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் சலசலத்தார்கள். "கரண்ட் போச்சா?" "மீட்டரம்மா பியூஸைப் பிடுங்கிட்டாங்கடா" என்று ஒரு குரல், ஒரு சிரிப்பு. சிரிப்பு பாதியில் நின்றது.

பலகையில் மீட்டர்கள் விழித்துக்கொண்டன.

அணைத்து வைத்தவை. ஒவ்வொன்றாக. சிவப்பு. சிவப்பு. ஒன்பதும் சிவப்பு. எல்லாம் ஒன்றாகக் கத்தின, ஒன்றாக அடங்கின, ஒன்றாகக் கத்தின. இழுத்து விடும் மூச்சு. ஒரே மூச்சு.

சூப்பர்வைசரின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து, வாசல் கதவைத் தடவித் திறந்து, போய்விட்டார்.

"அணைச்சுடு," என்றான் அண்ணன். "காது வலிக்குது. அணைச்சுடுடி."

"மாட்டேன். கத்தட்டும். தெருவுக்கே கேக்கட்டும்."

அவன் தோளை அணைத்துக்கொண்டாள். அவன் முதுகு அவள் கைக்குக் கீழே கரகரவென்றது, மணலை மிதிக்கிற மாதிரி. அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீட்டர்களின் சிவப்பு வெளிச்சத்தில் அவளும் பார்த்தாள்.

ஹாலில் யாரும் இல்லை. இயந்திரம் ஓடவில்லை. ஆனால் தூசி கீழே இறங்காமல் நின்றது. கட்டர்களுக்கு முன்னால், பாலிஷ் மேஜைகளுக்கு முன்னால், ஆள் நிற்கும் இடங்களில் எல்லாம் ஆள் உயரத்துக்குத் திரண்டு நின்றது. தலை. தோள். குனிந்த முதுகு. ஒட்டகம் நின்ற கோடியில் இருந்தது மற்ற எல்லாவற்றையும்விட உயரம். பலகையில் சிவப்பு கத்தும்போதெல்லாம் அவற்றின் மார்பு உப்பியது. அடங்கும்போது தணிந்தது. எதற்கும் முகம் இல்லை. எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

அவள் கண்ணை மூடவில்லை. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோகவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாரையும் விடாமல், கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள்.

அண்ணனுடைய கட்டருக்கு முன்னால் இருந்தது மட்டும் இன்னும் முழுசாகவில்லை. காலில்லை, கையில்லை. நிற்கும் உயரத்தில் ஒரு மார்பு. அதற்கு மேலே ஒரு வாய்.

அண்ணன் மூச்சு விட்டான். அந்த வாய்க்கு மேலே, மெல்ல, மூக்கு வரத் தொடங்கியது.