ஆறாவது கோடு

ஒரு பெரிய போட்டி முழுவதையும் ஒரே பலகையில் எழுதிவிட முடியும். குண்டூசிக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பலகையை எழுதியதே அவளும் அவள் அம்மாவும்தான்.

குண்டூசி என்பது பட்டப்பெயர். ஆள் சின்னவள், கேள்வி கூர்மையானது என்று மாமா வைத்த பெயர் அது. அம்மாவின் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. ரொட்டிக் கடைப் பலகை, பல் வைத்தியர் பலகை, ரயில் நிலையத்தில் 'இங்கே துப்பாதீர்' என்ற பலகை எல்லாம் அம்மா எழுதியவை.

கால்பந்துப் பலகையை எப்படி எழுதினார்கள் தெரியுமா? முதலில் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டுக் கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு அணி. பிறகு இரண்டிரண்டு கோடுகளை இணைத்து வலதுபக்கம் ஒரு கோடு. ஜெயித்த அணியின் பெயர் அதில் ஏறும். எட்டு நாலாகும், நாலு இரண்டாகும், கடைசியில் ஒரே ஒரு கோடு நிற்கும். அதுதான் கோப்பை. தோற்ற அணி அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மரத்தைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் குண்டூசி.

"மரம் படுக்கட்டும். நீ பெயின்ட் டப்பாவுல படுத்துடாதே, தள்ளி நில்லு" என்றார் அம்மா.

இந்தப் போட்டியைத் தொடங்கியவர் மாமா. அம்மாவின் அண்ணன். தந்தி அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த நாட்டில் எட்டு மாகாணங்கள் இருந்தன. எட்டிலும் கால்பந்து ஆடினார்கள். "நாட்டிலேயே நாங்கள்தான் கெட்டிக்காரர்கள்" என்று எட்டுப் பேரும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒரு மாகாணம் இன்னொரு மாகாணத்தோடு மோதியதே இல்லை!

மாமாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. எட்டு மாகாணங்களுக்கும் கடிதம் எழுதினார். பதில்கள் வந்து சேரவே ஒரு வருடம் ஆனது. ஒரு மாகாணம், 'பந்து யார் கொண்டுவருவது?' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஒருவழியாக எட்டு அணிகளும் வருவதாக ஒப்புக்கொண்டன. மாமா ஒரே ஒரு விதி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சீட்டு எடுக்கப்படும். அதற்குள் வராத அணிக்கு இடம் கிடையாது.

அந்த ஞாயிறும் வந்தது. பன்னிரண்டு மணி அடித்தபோது மைதானத்தில் ஏழு தலைவர்கள்தான் நின்றார்கள். மலை மாகாணத்தைக் காணோம். மாமா பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு தன் தொப்பியில் எட்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்.

துறைமுக மாகாணத்துக்கு ஐந்தாம் எண். எல்லோரும் எடுத்து முடித்ததும் தொப்பிக்குள் ஆறாம் எண் மட்டும் தனியாகக் கிடந்தது.

ஐந்தோடு மோத வேண்டியது ஆறு. ஆனால் ஆறில் ஆளே இல்லை.

"அப்போ நாங்க ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போறோமா?" என்று கேட்டார் துறைமுக அணியின் மேலாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் குண்டு மனிதர் அவர்.

"ஆமாம்" என்றார் மாமா.

மேலாளர் சந்தோஷத்தில் விசிலை ஊதினார். பக்கத்தில் நின்ற குதிரை மிரண்டது.

அம்மா ஏணியில் ஏறி ஏழு பெயர்களையும் எழுதினார். ஆறாவது கோடு மட்டும் காலியாக நின்றது. ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், திங்கள் முதல் சனி வரை ஆறு ஆட்டங்கள் என்று மாமா கணக்குப் போட்டார். ஞாயிறு அன்று மைதானத்தில் சர்க்கஸ்காரர்கள் கூடாரம் அடிக்க வருகிறார்கள். அதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட முடியாது.

மாலை ஐந்து மணி ரயிலில் பதினோரு பேர் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு. சிலருடைய பூட்ஸ் வாயைப் பிளந்திருந்தது. மைதானத்துக்கு வந்து, பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார்கள். திரும்பவும் படித்தார்கள்.

"எங்க பேரு எங்கே?" என்று கேட்டார் அவர்களின் தலைவர்.

மலை மாகாண அணிதான் அது! தலைவர் மலைக் கிராமங்களுக்கு நடந்தே கடிதம் கொண்டுபோகும் தபால்காரர். மழையில் மண் சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டதாம். அடுத்த நிலையம் வரை இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறார்கள்.

"பதினேழு வருஷத்துல ஒரு தபாலைக்கூட நான் தாமதமா கொடுத்ததில்லை சார். இன்னிக்கு நானே தாமதமாயிட்டேன்" என்றார் அவர்.

மாமாவின் முகம் வாடிவிட்டது. "எனக்கு மட்டும் ஆசையா என்ன? ஆனா விதி விதிதான் தம்பி. சீட்டு எடுத்தாச்சு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத் திரும்புற ரயில் இருக்கு" என்றார்.

பதினோரு பேரும் புல்லில் உட்கார்ந்தார்கள். குண்டூசி ஒரு வாளித் தண்ணீரும் பெயின்ட் படாத துணிகளும் கொண்டுவந்து வைத்தாள். தபால்காரர் காலுறையைக் கழற்றினார். பாதம் முழுவதும் கொப்புளம். அவர் அதைப் பார்க்காமல் மைதானத்தின் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டூசியால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக மாமாவிடம் ஓடினாள்.

"மாமா, இவங்களையும் சேர்த்துக்கிட்டா என்ன?"

"உனக்குப் புரியாது குண்டூசி. ஒரு அணி கூடினா ஏழு ஆட்டம் கூடும். அதுக்கு நாள் எங்கே இருக்கு? யானையும் சிங்கமும் வந்து நிக்குமே!"

"ஏழா? எப்படி மாமா?"

"புதுசா வர்ற அணி, இருக்கிற ஏழு அணியோடவும் மோதணும் இல்லையா?"

குண்டூசிக்குச் சிரிப்பு வந்தது. மாமா பன்னிரண்டு வருடமாக ஊர்ப் போட்டிதான் நடத்திவந்தார். அதில் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள். தோற்றவர் வெளியேறும் போட்டி அவருக்கு இதுதான் முதல் தடவை. பலகை புதுசு, ஆனால் அவசரத்தில் பழைய கணக்கே வாயில் வந்துவிட்டது.

"மாமா, ஒரு ஆட்டம் முடிஞ்சா எத்தனை அணி வீட்டுக்குப் போகும்?"

"ஒண்ணு."

"கடைசியில எத்தனை அணி மிச்சம் இருக்கணும்?"

"ஒண்ணுதான். கோப்பை வாங்குறவங்க."

"அப்போ ஏழு அணி இருந்தா, ஆறு அணி வீட்டுக்குப் போகணும். அதனாலதான் ஆறு ஆட்டம். எட்டு அணி இருந்தா?"

மாமா விரல் விட்டு எண்ணினார். நம்பாமல் இன்னொரு கையிலும் எண்ணினார். "ஏழு... அடேயப்பா! ஒரே ஒரு ஆட்டம்தான் கூடுது!"

"புதன்கிழமை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு வெச்சுக்கலாம். அதுக்குள்ள அவங்க காலும் ஆறிடும்."

ஏணியின் மேலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அண்ணா, கோடு ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கு. பேரு எழுத வேண்டியதுதான் பாக்கி."

மாமா எழுந்தார். உடனே மறுபடி உட்கார்ந்துவிட்டார். "துறைமுகத்துக்காரங்க நியாயமா சீட்டு எடுத்தாங்க. சும்மா கிடைச்ச அதிர்ஷ்டத்தை நான் போய்ப் பிடுங்கினா தப்பு. அவங்களா விட்டுக்கொடுத்தா சரி."

"கேட்டுட்டு வரட்டுமா?"

"நான் கேட்டா அது கட்டளை மாதிரி ஆயிடும். நீ கேளு. ஆனா வற்புறுத்தக் கூடாது, சரியா?"

வெளியூர் அணிகள் குண்டூசியின் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தன. துறைமுக அணி இருந்தது ஐந்தாம் வகுப்பில், அதாவது அவளுடைய வகுப்பில். கப்பலில் சரக்கு ஏற்றும் தொழிலாளிகள் அவர்கள். ஒவ்வொருவரும் கதவு அகலத்துக்கு இருந்தார்கள். அவளுடைய பெஞ்சில் ஒருவர் உடம்பை மடக்கிப் படுத்திருந்தார். கால் மட்டும் அடுத்த பெஞ்சில் இருந்தது.

குண்டூசி நடந்ததைச் சொன்னாள்.

"முடியவே முடியாது!" என்றார் மேலாளர். "கையில வந்த அதிர்ஷ்டத்தை யாராவது காலால தள்ளுவாங்களா?"

"தள்ளச் சொல்லலை சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்களுக்கு முதல் ஆட்டம் என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கு ஞாயிறு. அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த பெஞ்சுல ஒரு ராத்திரி படுத்ததுக்கே என் இடுப்பு போச்சு" என்றார் படுத்திருந்தவர். அவர்தான் கோல்கீப்பர்.

அணித் தலைவர் மூலையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுபவர் அவர். மெதுவாகத்தான் பேசுவார்.

"பாப்பா, அவங்க நிஜமாவே ரெண்டு நாள் நடந்தா வந்தாங்க?"

"ஆமாண்ணா. கால் பூரா கொப்புளம்."

தலைவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "அண்ணே, லீவு போட்டுட்டு வந்திருக்கோம். ஊருக்குப் போனதும் துறைமுகத்துல கேப்பாங்க, 'முதல் சுற்றுல யாரைடா ஜெயிச்சீங்க?'ன்னு. என்ன சொல்றது? ஒரு கோட்டை ஜெயிச்சோம்னா?"

கோல்கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார். "அதுவும் காலிக் கோடு!"

"தோத்துட்டா?" என்றார் மேலாளர்.

"தோத்தா, ஆடித் தோத்தோம்னு சொல்லலாம். என்னங்கடா சொல்றீங்க? ஆடணும்கிறவங்க கை தூக்குங்க."

பத்துக் கைகள் தூக்கப்பட்டன. தலைவருடைய எண்ணெய்க் கையையும் சேர்த்தால் பதினொன்று. மேலாளர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊத மனமில்லாமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை அம்மா ஆறாவது கோட்டில் 'மலை மாகாணம்' என்று எழுதினார். கீழே நின்ற பதினோரு பேரும் ஒவ்வொரு எழுத்துக்கும் கை தட்டினார்கள். "இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்கும்பா" என்றார் அம்மா. ஆனாலும் அந்தப் பெயர்தான் பலகையிலேயே அழகாக வந்திருந்தது.

புதன்கிழமை காலை. துறைமுகத்துக்காரர்கள் பலசாலிகள். பந்தை உதைத்தால் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. மலைக்காரர்களோ களைக்கவே மாட்டேன் என்றார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஓடியவர்களுக்குச் சமதரை என்ன பிரமாதம்? பந்து எங்கே போனாலும் அதற்கு முன்னால் ஒருவர் அங்கே நின்றார்.

இடைவேளையில் துறைமுகம் ஒன்று, மலை சைபர். பிறகு ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது தபால்காரர் கூட்டத்துக்குள் புகுந்து, பந்தைக் கோலுக்குள் கடிதம் போடுவதுபோல் பதமாகத் தள்ளிவிட்டார்.

மலை இரண்டு, துறைமுகம் ஒன்று.

மைதானமே கத்தியது. குண்டூசியும் கத்தினாள். அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டாள். துறைமுகத்து ஆட்டக்காரர்கள் தலை குனிந்து நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அன்று போய்க் கேட்காமல் இருந்திருந்தால், அவர்கள் வெள்ளிக்கிழமை அரையிறுதியில் ஆடியிருப்பார்கள்.

இரவு ரயிலுக்கு வழியனுப்ப மாமாவோடு அவளும் போனாள். ஆனால் நிலையத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பாரந்தூக்கி ஓட்டுபவர் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன பாப்பா, தூணைத் தாங்கிப் பிடிச்சிருக்கியா?"

"என்னாலதானேண்ணா நீங்க தோத்தீங்க?" என்றாள் அவள்.

"உன்னாலயா? நீ எப்போ கோல் போட்டே? நான் பார்க்கலையே!" அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "இதைக் கேளு. எங்க ஊர்ல எங்களை யாரும் இப்படி ஓட வெச்சதில்லை. ஒன்பது வருஷமா ஒரே ஆளுங்களை ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சு. இன்னிக்குத்தான் எனக்கு என்ன தெரியாதுன்னு தெரிஞ்சுது. அந்தத் தபால்கார அண்ணன் எப்படித் திரும்புறாருன்னு பார்த்தியா? அதை நான் கத்துக்காம விடப்போறதில்லை."

ரயில் ஊதியது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். படியில் நின்றபடி மாமாவைப் பார்த்துக் கத்தினார்.

"சார், அடுத்த வருஷம் என்ன தேதி?"

மாமா திகைத்துப்போனார். "அடுத்த வருஷமா?"

ஒரு வருடமாகக் கடிதம் எழுதி, பலகை செய்து, சர்க்கஸ்காரர்களிடம் நாள் கேட்டு அலைந்த மாமா, இரண்டாவது தடவை என்று ஒன்று இருக்கும் என யோசித்ததே இல்லை. வேறு யாரும் யோசிக்கவில்லை.

"என்ன சார் முழிக்கிறீங்க? தோத்தவனுக்குத் தேதி வேணும்ல!"

ரயில் நகரத் தொடங்கியது. மாமா பையைத் தடவினார். காகிதம் இல்லை. சட்டெனத் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கினார். பிறகு தொப்பியை ஆட்டிக்கொண்டே ரயிலோடு ஓடினார். குண்டூசியும் கூடவே ஓடினாள்.

"இதே மாசம், ரெண்டாவது ஞாயிறு!" என்று மாமா கத்தினார்.

"மழைக்கு முன்னாடி வைங்க சார்! மலைக்காரங்க நடக்க வேணாம்!" என்று பதில் வந்தது.

மாமா ஓடிக்கொண்டே அதை அடித்துவிட்டு வேறு தேதி எழுதினார்.

இப்படியாக அந்த நாட்டின் கால்பந்துப் போட்டிக்கு இரண்டாம் ஆண்டு பிறந்தது. முதல் ஆண்டு முடிய அப்போது இன்னும் மூன்று நாள் இருந்தது.