தளவாயின் உள்ளங்கை

மூன்று தட்டுதான் வெட்டி வைத்திருந்தான். நான்காவதாக ஒன்று கேட்டது.

பால்வண்ணநாதன் கீபோர்டுக் கட்டையிலிருந்து விரலை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே குற்றாலத்துச் சாரல் மேலகரம் வரை வந்து, நாலு மணிக்கே தெருவை இருட்டாக்கி வைத்திருந்தது. மூன்று நாளாகக் கொடியில் காயாமல் தொங்கும் வேட்டிகளின் புழுங்கல் வாடையும், ஓதம் ஏறிய சுவரின் வாடையும் சேர்ந்து அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்ப அழுத்தினான். தட், தட், தட். கொஞ்சம் யோசித்ததுபோல் ஒரு இடைவெளி. தட்.

அந்த நாலாவது தட்டு இருக்க வாய்ப்பே இல்லை. அது இருந்த கேசட்டை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தவன் அவன்தான்.

இந்தக் கீபோர்டு வந்தது எண்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த துல்கர்னைன், துபாயிலிருந்து இரண்டு கம்பளிக்குள் சுற்றி, கைக்குழந்தையைப்போல் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் பின்பக்கம் ஒரு துளை. துளையில் ஒயரைச் செருகி எந்தச் சத்தத்தை உள்ளே விட்டாலும் பதினைந்து விநாடி பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு இம்மி கொள்ளாது. பிறகு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எண் போட்டு வெட்டிவிட்டால், அந்தச் சத்தம் அறுபத்தொரு கட்டையிலும் ஏறிக்கொள்ளும். முதல் வாரம் அடுத்த வீட்டுக் கோழியின் கொக்கரிப்பைப் பிடித்து அதிலேயே ஒரு மோகனம் வாசித்தான். அதைக் கேட்ட கோழி மூன்று நாள் முட்டையிடவில்லை. நாலாம் நாள் இட்டதற்கு ஓடு இல்லை.

அவனுடைய மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவர் வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போய்விட்டார். கீழப்பாவூர்க் கோயில் கச்சேரிக்குத் தாளம் இல்லை. அப்போதுதான் அவனுக்குத் தளவாயின் கை நினைவுக்கு வந்தது.

தளவாய் இருபது வருஷமாக அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் ஒரு முதுகில் தட்டினால், அருவிக்கு நேர்கீழே நிற்கிறவனுக்கும் அது தனியாகக் கேட்கும். மூன்று வருஷம் விக்கலோடு அலைந்த மதுரைக்காரர் ஒருவருக்கு ஒரே தட்டில் விக்கல் நின்றது. கூடவே வந்த அவர் தம்பிக்கு அதைப் பார்த்த பயத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது என்றும் சொல்வார்கள்.

அன்றைக்கு அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் குளிக்க விடவில்லை, கரையில் ஆளில்லை. இரைச்சல் கேசட்டில் விழாமலிருக்க, இரண்டு பேரும் கீழே ஆற்றோரம் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனார்கள். பேட்டரி டேப்ரிக்கார்டர் இவன் இடது கையில், மைக் வலது கையில், குடை கழுத்திடுக்கில்.

"வெறுந்தொடையில தட்டுனா சத்தம் எழும்பாது தம்பி. எண்ணெ வேணும்" என்று தளவாய் தொடையிலும் கையிலும் தாராளமாக ஊற்றிக்கொண்டார். பாறையிலும் வழிந்தது. "அப்பம் என் கை கச்சேரிக்குப் போவுது, நான் இங்கன கெடந்து முதுகு தேக்கேன். நல்லாத்தான் இருக்கு நியாயம்!"

தட்டினார். டேப்ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் சத்தம் பிசிறடிக்கும்.

"ஒரு எட்டு பின்னால போங்க அண்ணாச்சி."

போனார். தட்டினார். சிவப்பு.

"இன்னும் ஒரு எட்டு."

அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

தட்டினார். விளக்கு எரியவில்லை. அடுத்தடுத்து நாலு தட்டும் அருமையான சத்தம், ஈரமாக, கனமாக, ஓரம் சிதறாமல்.

"சத்தம் போதுமா தம்பி?" என்றார் தளவாய். அவர் கால் வழுக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. "தம்பி" என்று ஒரு குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தபோது, அவன் முதலில் டேப்ரிக்கார்டரைக் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தான். துண்டால் துடைத்தான். குடையை அதற்குப் பிடித்தாற்போல் சாய்த்து வைத்தான். அப்புறம்தான் ஓடினான். ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

விசாரித்தவர்களிடம், "குடிச்சிருந்தாரு. ஆத்துப் பக்கம் போவாதீகன்னு சொன்னேன், கேக்கல" என்றான். டேப்ரிக்கார்டரைப் பற்றிக் கேட்பார் இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று தட்டை மட்டும் கீபோர்டுக்குள் ஏற்றிக்கொண்டு கேசட்டை எரித்தான். அந்த மூன்றையும் எரிக்க மனசு வரவில்லை. அவ்வளவு நல்ல சத்தம். கீழப்பாவூரில் விசிலடித்தார்கள்.

இப்போது நாலாவது தட்டு. முடியும் இடத்து எண்ணைத் திருத்தி அதை வெட்டினான்.

மறுநாள் அழுத்தியபோது தட்டுக்குப் பின்னால் அவன் குரலே கேட்டது. இன்னும் ஒரு எட்டு. வெட்டினான். அதற்கு மறுநாள், வழுக்கும் ஓசை. தம்பி. பிறகு தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னச் சரசரப்பு; துண்டு கருவியைத் துடைக்கிற சரசரப்பு, பொறுமையாக, மூலை முடுக்கு விடாமல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று. பதினாலு. பதினைந்து. இனி அதற்குள் இடம் கிடையாது.

சத்தம் நிற்கவில்லை.

தண்ணீரிலிருந்து ஏதோ பாறைமேல் ஏறியது. சளப். சளப். எண்ணெய் பூசிய வெறுங்கால் நடக்கிற ஓசை.

சத்தத்தைச் சேமித்து வைத்திருந்த ஃப்ளாப்பித் தகட்டை உடைத்தான். அப்படியும் கட்டைக்குள் சத்தம் இருந்தது. நாள்தோறும் கொஞ்சம் நீண்டது. அருவிக்கரைக் கடைகளில் நேந்திரங்காய் வறுபடும் ஓசை. ஒரு நாள் தாண்டி, அரிசி ஆலை மோட்டார். அப்புறம் மேலகரம் முக்கு டீக்கடை ரேடியோ. ஒவ்வொன்றையும் அவனுக்குத் தெரியும். அவன் தினமும் சைக்கிளில் வீட்டுக்கு வருகிற பாதை.

ரேடியோ கேட்ட அன்றைக்குத்தான் சங்கரம்மாள் வந்தாள். தளவாயின் மனைவி. வாசலிலேயே நின்றாள். அவன் மனைவி வேதா காப்பி எடுத்து வந்து, அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன் தம்பி. அவரு நெசமாவே குடிச்சிருந்தாரா?"

அவன் வேதாவிடமிருந்து காப்பியை வாங்கி நீட்டினான்.

"மேலுக்கு முடியாதப்ப வைத்தியர் குடுத்த அரிஷ்டத்தையே சாராய வாடைன்னு துப்புன மனுசன். இப்பம் பொண்ணு பாக்க வந்தவுக, குடிகாரன் வீடுன்னுட்டுக் காப்பிகூடக் குடிக்காமப் போறாக." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு நா தண்ணில கெடந்துருக்காரு. எடுத்துக் குளிப்பாட்டுனா, உள்ளங்கையில எண்ணெ அப்பிடியே இருக்கு தம்பி. தண்ணி ஒட்டாம உருண்டு உருண்டு ஓடுது. கூட இருந்தது நீங்க மட்டும்தான். நீங்க சொன்னா நாலு பேரு நம்புவாக."

ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. முதுகுக்குப் பின்னால் வேதா மூச்சு விடுவது கேட்டது.

"குடிச்சிருந்தாரு மதினி" என்றான்.

"சரி தம்பி."

அவள் காப்பியைத் தொடவில்லை. சாரலில் நனைந்துகொண்டே போனாள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அழுத்தக் கூடாது என்றுதான் நினைத்தான். விரல் போய்விட்டது.

சளப். சளப். ரேடியோ பின்னுக்குப் போனது. தெருமுனை அடிபம்பு ஒருமுறை முனகியது. அவன் வீட்டு வாசலில் மட்டும் இடறுகிற அந்த உடைந்த கல். இரும்புக் கதவின் கொக்கி. பிறகு கீபோர்டுக்குள்ளிருந்து வேதாவின் குரல்.

"வாங்க அண்ணாச்சி. நல்லா நனைஞ்சுட்டீகளே. அவுக உள்ளதான் இருக்காக."

வேதா தளவாயைப் பார்த்ததே இல்லை. இப்படி அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

விரலை எடுத்தான். அமைதி. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர்.

வெளியே அடிபம்பு முனகியது.

உடைந்த கல்.

கொக்கி.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் வேதா, வாசலில். "நல்லா நனைஞ்சுட்டீகளே. அவுக உள்ளதான் இருக்காக."

கத்த நினைத்தான். பின்னால் கதவு திறந்தது. எண்ணெய் வாடை. ஆற்று வாடை. திரும்ப முடியவில்லை. கீபோர்டில் பதிவுக்கான சிவப்பு விளக்கு தானாக எரிந்து அணைந்தது. காத்திருந்தது.

இரண்டு உள்ளங்கைகள் அவன் முதுகில் விழுந்தன. ஈரமாக, கனமாக.

தட். சிவப்பு.

ஒரு கை தோளைப் பிடித்து, பதமாக, ஒரு எட்டு பின்னால் இழுத்தது.

தட். சிவப்பு.

இன்னும் ஒரு எட்டு. அங்கே சுவர் இருக்க வேண்டும். சுவர் இல்லை. குதிகாலுக்குக் கீழே தரை சரிந்தது; பாசி பிடித்த கல்லாக, எண்ணெய் வழிந்த கல்லாக. பின்னால், மிக அருகில், வெள்ளம் இரைந்தது.

இன்னும் ஒண்ணே ஒண்ணு.

தட்.

விளக்கு எரியவில்லை.

"சத்தம் போதுமா தம்பி?"