மேல்மாடிக்குக் கொஞ்சம் நெருப்பு

ஜன்னல் இடுக்கில் துணி இருந்தது.

கமலா விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். பழைய சேலையைக் கிழித்து, திரியாக முறுக்கி, காற்று நுழையாதபடி ஒவ்வோர் இடுக்கிலும் யாரோ பொறுமையாகத் திணித்திருந்தார்கள். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு என்றல்லவா சொன்னார்கள்?

"சாரல் அடிச்சிருக்கும்," என்றான் அவள் கணவன் கோபாலகிருஷ்ணன். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு சமாதானம் உண்டு. "நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல இந்த வசதி உண்டா? ஜன்னலத் தொறந்தா கோபுரம்!"

"தொறந்தாத்தானே?"

திருவதிகைக் கோயில் தெருவில், நூறு வருஷத்துப் பழைய வீட்டின் உச்சி மாடி அது. தலையை இடிக்கும் தேக்கு உத்தரங்கள். ஒரே நீளக் கூடம். மூலையில் அடுப்பு மேடை. தெருவிலிருந்து தனிப் படிக்கட்டு. மாடி மட்டும் விற்பனைக்கு, அதுவும் நம்ப முடியாத மலிவில். கமலாவின் அப்பா இந்த மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கோபால் மைன்ஸில் இன்னும் கான்ட்ராக்ட்தான், அவனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. கமலாவுக்கு எட்டாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும்.

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரி அமிர்தம், கூடவே ஏறி வந்தவள், கடைசிப் படியோடு நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்களேன் அக்கா."

"நான் வர்றதில்லீங்க. நீங்க பாத்துக்கினு வாங்க." அவள் பார்வை கமலாவின் வயிற்றில் நின்றது. "எந் தம்பி பொண்டாட்டி புள்ள பெத்துக்கினு இங்கதான் இருந்தா. இதே ஐப்பசி மழ. அவளுக்குக் குளிரே ஆவாதுங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

அமிர்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"ஏங்க, லெக்கோ கரி வாடை வரல?" என்றாள் கமலா.

"நெய்வேலில வளந்தவளுக்குச் சொர்க்கத்துக்குப் போனாலும் லெக்கோ வாடைதான் வரும்." கோபால் சிரித்தான். "நான் போய்ப் பேசி முடிச்சிட்டு வரேன். வயித்தப் புடிச்சிக்கிட்டு சும்மா சும்மா படி ஏறி இறங்காத. இங்கயே இரு மகாராணி."

அவன் செருப்புச் சத்தம் படிகளில் தேய்ந்தது. மழை வலுத்தது.

சாயங்காலம் நாலு மணிதான். ஆனால் ஓட்டின் மேல் கொட்டும் மழைச் சத்தமும், மூடிய ஜன்னல்களின் பழுப்பு இருட்டும், உத்தரங்களிலிருந்து இறங்கும் பழைய புகையின் கசப்பும் சேர்ந்து கூடத்தை ஒரு குழியைப் போல ஆக்கின. லெக்கோ வாடை இப்போது நன்றாகவே வந்தது. பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த அந்த அடுப்புக் கரியை நெய்வேலியில் எல்லா வீட்டிலும் எரிப்பார்கள். அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தாள்: கதவைச் சாத்திக்கொண்டு லெக்கோ அடுப்போடு படுத்தால் எழுந்திருக்கவே மாட்டாய்.

கமலா அடுப்புச் சாம்பலில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

தலை வலித்தது. காற்று வேண்டும். ஜன்னல் ஜன்னலாகப் போய்த் துணிகளை உருவினாள். ஒன்று, மூன்று, ஏழு. எல்லாவற்றையும் அடுப்பு மேடைமேல் குவித்தாள். தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை.

பின்னால் சரக் என்றது.

திரும்பினாள். மேடைமேல் துணிகள் இல்லை.

சரக். சரக். ஈரத் துணி இடுக்கில் நுழையும் சத்தம். முதல் ஜன்னலில் துணி. இரண்டாவதில் துணி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஜன்னலின் வெளிச்சக் கோடு மேலிருந்து கீழாக அணைந்தது.

கதவை நோக்கி ஓடினாள். கால் கனத்தது. "ஏங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் வந்தது. அவள் குரலிலேயே.

"அக்கா, குளிருது. மேல கொஞ்சம் நெருப்பு குடுங்களேன்."

கீழே கோபால் சிரிப்பது கேட்டது. "பாத்தீங்களா, அதுக்குள்ள அவ வூட்டுக்காரியாவே ஆயிட்டா."

"கேப்பாங்கன்னு தெரியுங்க," என்றது அமிர்தத்தின் குரல். "அடுப்ப மூட்டித்தான் வச்சிருக்கேன்."

படியில் காலடி. ஒவ்வொன்றாக. கதவு ஒரு சாண் திறந்தது. கங்கு நிறைந்த லெக்கோ அடுப்பை ஒரு கை உள்ளே தள்ளியது. கமலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதியப் பிடித்தாள்.

அமிர்தம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளையோட இந்த அடுப்புப் பக்கத்துலயே படுத்துப் போனவ, மூணு ஐப்பசியா ராவெல்லாம் எங் கதவத் தட்டிக்கினு இருக்கா," என்று முணுமுணுத்தாள். "எம் புள்ளைங்களப் பேர் சொல்லிக் கூப்புடறா. உன்ன வச்சிக்கட்டும்."

கையை உதறினாள். கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"கமலா?" கீழிருந்து கோபால். "குளிர் போச்சா?"

கத்தினாள். உதடு மட்டும் அசைந்தது.

"இப்ப நல்லா இருக்குங்க," என்றது பின்னாலிருந்து அவள் குரல். "நான் செத்த படுத்துக்கறேன். எழுப்பாதீங்க."

சரிந்தாள். தரையில் கன்னம். கதவின் அடியில் ஒரே ஒரு வெளிச்சக் கோடு மிச்சம். அங்கே வாய் வைத்து மூச்சிழுத்தால் காற்று வரும். நகர்ந்தாள். ஒரு முழம். இன்னும் ஒரு முழம்.

அவள் சேலைத் தலைப்பு பின்னால் இழுபட்டது. கிழியும் சத்தம். அளவாக. பொறுமையாக.

அவளைத் தாண்டி ஒரு வெளுத்த கை நீண்டது. மணிக்கட்டில் பிள்ளைபெற்றவளுக்குக் கட்டும் மஞ்சள் கயிறு. அது துணியைக் கதவின் அடியில் திணித்தது. விரல் விரலாக. கோடு சுருங்கியது.

புள்ளியானது.

அணைந்தது.

கங்கின் சிவப்பு மட்டும். பிறகு அந்தக் கை, பனிக்கட்டியாகக் குளிர்ந்த கை, கமலாவின் வயிற்றின்மேல் படிந்து, தூளிக் குழந்தையைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டத் தொடங்கியது.

உள்ளே உதைத்துக்கொண்டிருந்த குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாக, தூங்க ஆரம்பித்தது.